ஆறு எண்கள் வரட்டும், அப்புறம் முடிவு செய்யலாம்

அன்புள்ள பாப்பா,

உன் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் இன்ஜின் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதாக நீ எழுதியதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. போனில் பேசினால் இரண்டு பேரும் மாறி மாறி வருத்தப்பட்டுக்கொண்டிருப்போம், சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மனதில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடி திடமாக இருந்தால் இன்ஜினை மாற்று, அதுவும் அதே ரோட்டரி இன்ஜினைப் போடு, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் அந்த இன்ஜினையே. பாடி அரித்துப்போயிருந்தால் வண்டியை விட்டுவிடு. ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா என்று இன்னும் யாரும் சரியாக அளந்து பார்க்கவில்லை.

குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகிறது, ஓட்டிவிட்டு நிறுத்தினால் சூடு ஆறும் வரை ஸ்டார்ட் ஆவதில்லை என்று எழுதியிருந்தாய். கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் பலம், குறைந்த ரோட்டரி இன்ஜின் காட்டும் முதல் அடையாளம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் எந்த கேஜில் பார்த்தார் என்று கேள். சாதாரண பிஸ்டன் இன்ஜின் கேஜ் என்றால் அந்த அளவை நம்பாதே. ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள், மூன்றுக்கும் தனித்தனிக் கம்ப்ரஷன். அந்த கேஜ் மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முகம் நன்றாக இருந்து மற்ற இரண்டும் செத்திருந்தாலும் நல்ல எண்ணைத்தான் காட்டும். ரோட்டரிக்கென்றே டெஸ்டர் இருக்கிறது. அது மூன்று முகங்களையும் பிரித்துச் சொல்லும், எவ்வளவு வேகத்தில் சுற்றும்போது எடுத்த அளவு என்பதையும் சொல்லும். உன் வண்டியில் இரண்டு ரோட்டர்கள், ஆக மொத்தம் ஆறு எண்கள். அந்த ஆறும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதே.

எண்கள் வந்ததும் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஸ்டார்ட்டர் இன்ஜினை நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும் கணக்கில், நல்ல இன்ஜின் 830 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 680-க்குக் கீழே போனால் கம்பெனி கணக்குப்படியே அது தேறாது. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150-க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கு நடுவில் 100-க்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. பேட்டரி பலவீனமாக இருந்தாலோ ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினாலோ நல்ல இன்ஜினும் குறைந்த எண்ணைத்தான் காட்டும், அதனால் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போது எடுக்கச் சொல்.

எந்த முகம் குறைகிறது என்பதிலும் செய்தி இருக்கிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் காற்று கசியாமல் அடைக்கும் அபெக்ஸ் சீல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு சீலும் அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்கு நடுவில் நிற்கிறது, எனவே ஒன்று உடைந்தால் இரண்டு முகங்கள் சேர்ந்து விழும். ஒரு முகம் மட்டும் விழுந்தால் ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீலைச் சந்தேகப்படலாம். ஆறும் ஒரே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம், இல்லையென்றால் உள்ளே படிந்த கார்பன். கார்பன் என்றால் சுத்தம் செய்து பார்க்க இடமிருக்கிறது. உடைந்த அபெக்ஸ் சீல் என்றால் இன்ஜினை இறக்குவதைத் தவிர வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. வண்டியைக் குளிர்ந்த நிலையில் நாலடி நகர்த்திவிட்டு உடனே அணைத்தாயா? அப்படிச் செய்தால் உள்ளே சேர்ந்த பெட்ரோல் சீல்களின் மேலிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், கம்ப்ரஷன் தற்காலிகமாக இறங்கிவிடும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு கிராங்க் செய்தால் பெட்ரோல் நின்றுவிடும், உள்ளே தேங்கியதும் வெளியேறும். நல்ல இன்ஜின்களையே இந்தக் காரணத்துக்காகச் செத்ததாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

சரி, ஆறு எண்களும் மோசமாகவே வந்தன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இன்ஜின் விலையைக் கேட்டுப் போகாதே. வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே போய்ப் பார். இந்த மாடலில் துரு பிடிக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: பின் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி. பெயின்ட் உப்பியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார். உள்ளே போனால் என் பதில் மாறிவிடும். நாலு கதவும் நடுத்தூண் இல்லாமல் எதிரெதிராகத் திறக்கும் பாடி இது, அந்தத் தூணின் வேலையில் பெரும்பங்கு சில்லுக்கும் பின்கதவுக்கும்தான் வந்து சேர்கிறது. அங்கே அரித்துப்போன வண்டியில் புது இன்ஜினை வைத்து என் மகளை உட்காரவைக்க எனக்கு மனம் வராது. கியர்பாக்ஸ் சத்தம், சஸ்பென்ஷன் பால் ஜாயின்ட், ரேடியேட்டர், ஆயில் கூலர் குழாய்கள், இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. பட்டியல் போட்டுக்கொள், பயப்படாதே.

பாடி தேறினால் எந்த இன்ஜின் என்ற கேள்வி வரும். அண்ணன் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அவன் உன்மேல் அக்கறையில்தான் சொல்கிறான். ரோட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிஸ்டன் இன்ஜினை வை, தலைவலி போகும் என்கிறான். இது புதிய யோசனை இல்லை. 1967-இல் வந்த ஜெர்மன் ரோட்டரி கார் என்எஸ்யூ ரோ 80 அருமையானது, 1968-இன் ஐரோப்பியக் கார் விருதை வாங்கியது. ஆனால் ஆரம்ப இன்ஜின்களில் அபெக்ஸ் சீல்கள் தேய்ந்து உயிரை வாங்கின. பலர் அதைக் கழற்றிவிட்டு ஃபோர்டின் வி4 இன்ஜினை வைத்தார்கள். கார் ஓடியது. ஆனால் எந்த மென்மைக்காக அதை வாங்கினார்களோ அது போய்விட்டது.

உன் வண்டியிலும் அதுதான் நடக்கும். 1.3 லிட்டர் கொண்ட அந்தச் சின்ன இன்ஜினை முன் ஆக்சிலுக்குப் பின்னால், தாழ்வாக வைத்ததால்தான் முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய பாதிக்குப் பாதி அமைந்தது. வளைவில் அது திரும்பும் விதத்தைப் பற்றி நீ எழுதும்போதெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவாய், அதற்குக் காரணம் இதுதான். கனமான இன்ஜினை வைத்தால் அது மாறும். மவுன்ட், வயரிங், டாஷ்போர்டு கணினியோடு பேசவைப்பது, பதிவு, இன்ஷூரன்ஸ் என்று ஒவ்வொன்றும் தனிப் போராட்டம். பாதியில் நின்றுபோன மாற்று வேலைகளைப் பட்டறையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிகள் பிறகு யாருக்கும் உதவுவதில்லை.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஆறு எண்கள் எழுதிய தாள் இல்லாத இன்ஜினை வாங்கினால், உன் பழைய இன்ஜினையே இன்னொரு பெயரில் வாங்குவது போலத்தான். என் சாய்வு ரீபில்டின் பக்கம், அதாவது உன் இன்ஜினையே பிரித்துப் புதுப்பிப்பது. அதிலும் கவனம் வேண்டும். சீல்களை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் போகாதே. ரோட்டர் சுற்றும் கூடான ஹவுசிங்கின் உள்பக்க குரோம் உரிந்திருக்கிறதா, பக்கவாட்டுத் தகடுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பிரித்தபின் அளந்து, உன்னிடம் காட்டி, அப்புறம் விலை சொல்பவரே நல்ல ஆள். தேய்ந்த பரப்பின்மேல் புதுச் சீல் வைத்தால் அது கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும். மாஸ்டாவின் பொறியாளர்கள் 1960-களில் மல்லாடியதே இந்த இடத்தில்தான். ஹவுசிங் முழுக்கச் சீல் கீறிய கோடுகள் விழுந்து, அவற்றைப் பிசாசின் நகக்கீறல் என்று அவர்களே பெயரிட்டுப் புலம்பி, சீலை வேறு பொருளில் செய்த பிறகுதான் 1967-இல் அவர்களின் முதல் ரோட்டரி கார் காஸ்மோ ஸ்போர்ட் சந்தைக்கு வந்தது. அவ்வளவு பெரிய ஆட்களையே வாட்டிய இடத்தில் யாரும் குறுக்குவழி சொன்னால் நம்பாதே.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும் பாப்பா. முதல் இன்ஜினைக் கொன்றது எதுவோ அது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. இக்னிஷன் காயில் பலவீனமானால் பெட்ரோல் முழுதாக எரியாது. எரியாதது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து, அதை உருக்கி அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத சூடு இன்ஜினுக்கே திரும்பும், சீல்கள் வெந்து போகும். அதனால் நாலு காயில், நாலு பிளக், ஒயர்கள், கன்வெர்ட்டர், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் இன்ஜின் செலவோடு சேர்த்தே கணக்குப் போடு. ஆயில் மீட்டரிங் பம்ப்பையும் பார்க்கச் சொல். இந்த இன்ஜின் சீல்களை நனைக்கத் தன் ஆயிலையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரிக்கிறது. உன்னுடைய பழைய மாடலில் ரோட்டருக்கு இரண்டு நாசில்தான், 2009-க்கான மாடலில் மூன்றாக்கினார்கள். போதவில்லை என்று அவர்களே ஒத்துக்கொண்டதாகத்தான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

பணத்துக்கு வருவோம். இன்ஜின் செலவு வண்டியின் விலையைத் தாண்டும், அதனால் இது கிறுக்குத்தனம் என்று உன் நண்பர்கள் சொல்கிறார்களாம். நான் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. இன்ஜின் செத்த வண்டிக்கு யாரும் விலை தரமாட்டார்கள், எனவே விற்றுக் கிடைப்பது பெரிய தொகை இல்லை. அதே வயதுள்ள இன்னொரு ஆர்எக்ஸ்-8 வாங்கினால் அதன் இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறதோ. உன் வண்டியில் நீ போட்டதெல்லாம் உனக்குத் தெரியும், அந்தத் தெரிதலுக்கு விலை உண்டு. ஆனால் கடன் வாங்கிச் செய்யாதே. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அம்மாவும் மாட்டாள். தினமும் வேலைக்குப் போக இதைத் தவிர வேறு வண்டி இல்லை என்றாலும் செய்யாதே. சின்னச் சின்னத் தூரம் ஓடி ஓடி அணைப்பதுதான் இந்த இன்ஜினுக்கு ஆகவே ஆகாது. நன்றாகச் சூடாக்கி, அவ்வப்போது நிமிடத்துக்கு 9000 சுற்று வரை ஏற்றி ஓட்டுகிறவருக்கான இன்ஜின் அது. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும்.

அவசரமும் இல்லை. கையில் பணம் சேரும் வரை வண்டியைக் கூரைக்கடியில் மூடி வைக்கலாம். பிளக் துளை வழியாக ஒவ்வொரு ரோட்டருக்கும் கொஞ்சம் ஆயில் விட்டு, அவ்வப்போது இன்ஜினைக் கையால் சுற்றி விடு. பேட்டரியைக் கழற்றிவை, டயரில் காற்றைக் குறையவிடாதே. இப்படிப் பார்த்துக்கொண்டால் கொஞ்ச நாள் நின்றாலும் பெரிதாகக் கெட்டுவிடாது.

டெஸ்ட் எடுத்ததும் ஆறு எண்களையும் அனுப்பு, எந்த வேகத்தில் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்து. சில் பகுதியைக் கீழிருந்து படம் எடுத்து அனுப்பு, வெளிச்சம் போட்டு எடு. பட்டறைக்காரர் ரீபில்டுக்குத் தரும் எஸ்டிமேட்டில் ஹவுசிங்கும் தகடுகளும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா பார், இல்லையென்றால் எழுதி வாங்கு. இன்ஜினைப் பிரிக்கும் நாள் தெரிந்தால் முன்கூட்டிச் சொல், நான் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா