மைதானத்தில் நிற்பவரைக் கேட்டு அட்டவணை போடுங்கள்

விளையாட்டுத்துறைக்குப் பொறுப்பான அமைச்சருக்கும், தேசிய விளையாட்டுப் பேரவை உறுப்பினர்களுக்கும், தேசிய விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மணி,

இளைஞர் குரலுக்கு இடம் கொடுப்போம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது மண்டபம், பதாகை, ரீசேர்ட், குழுப்படம் என்றே முடிந்துவிடுகிறது. அதனால், விளையாட்டில் முடிவு எடுக்கும் முன் இளம் வீரர்களைக் கேளுங்கள் என்று கோரும் இந்த மடலை ஓர் அளவு நாடாவிலிருந்து தொடங்குகிறோம்.

400 மீற்றர் ஓட்டத்தில் வெளிப்பாதையில் ஓடுபவருக்கு வளைவு நீளம். அதை ஈடுசெய்யத் தொடக்கக் கோட்டைப் பாதைக்குப் பாதை முன்னே தள்ளுகிறோம். பாதை அகலம் 1.22 மீற்றராக இருந்தால், இரண்டாம் பாதைக்கு 7.04 மீற்றர், மூன்றாம் பாதைக்கு 14.70 மீற்றர் என்று கைநூல் சொல்கிறது. இந்த எண்கள் உள்விளிம்பில் உயர்த்திக் கட்டிய கட்டு உள்ள மைதானத்துக்கு உரியவை. கட்டு இருந்தால் முதலாம் பாதையை விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளக்க வேண்டும்; மற்றப் பாதைகளைக் கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி அளக்க வேண்டும். நம் மாவட்டத்தில் பெரும்பாலான தெரிவுப் போட்டிகள் நடப்பது சுண்ணாம்புக் கோடு மட்டுமே போட்ட புல்தரையில். அங்கே கட்டு இல்லை. ஆகவே முதலாம் பாதையையும் 20 சென்ரிமீற்றரில்தான் அளக்க வேண்டும். அப்போது இரண்டாம் பாதைக்கு 7.67, மூன்றாம் பாதைக்கு 15.33 என்று கணக்கு மாறும். கைநூலில் உள்ள எண்ணை அப்படியே போட்டால், முழுச்சுற்று ஓடும்போது முதலாம் பாதையில் ஓடுபவரைவிட மற்ற எல்லோரும் 63 சென்ரிமீற்றர் கூடுதலாக ஓடுவார்கள். 50 செக்கனில் ஓடி முடிப்பவருக்கு அது ஏறத்தாழ 0.08 செக்கன். மாவட்ட அணிக்குள் வருவதும் வெளியே நிற்பதும் பல தடவை அதற்குள்தான் இருக்கிறது.

அந்தக் கோட்டைப் போடும்போது நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அநேகமாக ஒரு பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை. கட்டு இல்லை என்பது அந்தப் பிள்ளையின் கண்முன்னே தெரிகிறது. ஆனால் "இந்த எண் எந்த மைதானத்துக்கு?" என்று கேட்க ஓர் இடம் இல்லை. முடிவு அறிவித்து 30 நிமிடத்துக்குள் முறைப்பாடு கொடுக்கலாம் என்று விதி இருக்கிறதுதான். தன் பயிற்றுநருக்கும் நடுவருக்கும் முன்னால், அதுவும் ஓடி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அதை எத்தனை பிள்ளைகள் செய்வார்கள்?

காற்றும் இப்படித்தான். வைகாசி தொடங்கி எங்களுக்குக் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றின் காலம். 100, 200 மீற்றர், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் ஆகியவற்றில் பின்காற்று செக்கனுக்கு 2.0 மீற்றரைத் தாண்டினால் அந்தப் பெறுபேறு சாதனைக்குச் செல்லாது. அதை அறியக் காற்றுமானி வேண்டும். 100 மீற்றருக்கு அதை முடிவுக் கோட்டுக்கு 50 மீற்றர் முன்பாக, முதலாம் பாதையின் ஓரத்தில், 1.22 மீற்றர் உயரத்தில் வைத்து, துவக்கு வெடித்ததிலிருந்து 10 செக்கனுக்கு அளக்க வேண்டும். மானி இல்லாத இடத்தில் கச்சானை முதுகில் வாங்கி ஓடிய நேரத்தைக் கைக்கடிகாரத்தில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறோம். கையில் எடுத்த நேரம் 100, 200 மீற்றரில் மின்கருவியைவிட 0.24 செக்கன் அளவு குறைத்தே காட்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் ஊரில் 11.2 ஓடிய பிள்ளை அங்கே 11.6 ஓடும். பிறகு "பயந்துவிட்டான்" என்பார்கள். எந்த நேரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, நேர்பாதையை எந்தத் திசையில் போட்டால் நியாயம் என்பதெல்லாம் அந்த மைதானத்தில் நாளாந்தம் ஓடுபவருக்குத் தெரிந்த விடயம். அவரிடம் எவரும் கேட்பதில்லை.

நாங்கள் பயிற்றுநர்கள், நடுவர்கள், கழகச் செயலாளர்கள். இளைஞர்களுக்குக் கனவு காண இடம் கேட்டு இதை எழுதவில்லை. முடிவு எடுக்கும் முன் அவர்களைக் கேளுங்கள், கேட்டதற்கு எழுத்தில் பதில் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. முடிவுக்குப் பின் நடக்கும் கலந்துரையாடலில் சிற்றுண்டி மட்டும்தான் மிஞ்சும்.

முதலில் சட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் அமைச்சருக்குப் பரந்த அதிகாரம் உண்டு. தேசிய அணிக்கு அவரது ஒப்புதலும் வேண்டும். அந்த அதிகாரத்தைக் கொண்டே சங்கங்களுக்குள் இளைஞர்களை நியமித்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அந்த வழியில் போக வேண்டாம். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் வெளித் தலையீட்டைக் காரணம் காட்டி இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை அது நீக்கப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் பேரவை அரச தலையீடு என்று சொல்லி இலங்கைக் கிரிக்கெட்டை இடைநிறுத்தியது. 2024 ஜனவரியில்தான் நீக்கியது. இடையில் இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. பெரியவர்களின் இழுபறிக்கு விலை கொடுத்தவர்கள் அந்த வயதுப் பிள்ளைகள்தான். இளைஞர் ஆசனத்தை அமைச்சர் நியமித்தால் அதையும் அரசியல் தலையீடு என்று நாளை யாராவது எழுதுவார்கள். ஆசனம் ஒவ்வொரு சங்கத்தின் யாப்புக்குள் வர வேண்டும். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் யாப்புத் திருத்தமாக நிறைவேற வேண்டும். அமைச்சு செய்யக்கூடியது ஒரு மாதிரி வாசகத்தை மும்மொழியிலும் எழுதி அனுப்புவது, அதை ஏற்ற சங்கத்துக்கு நிதியில் முன்னுரிமை தருவது.

வீரர் பிரதிநிதித்துவம் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு 1981இலேயே வீரர் ஆணைக்குழுவை அமைத்தது. தேசிய ஒலிம்பிக் குழுக்களிலும் தெரிவுசெய்யப்பட்ட வீரர்கள் இருக்க வேண்டும் என்று ஒலிம்பிக் சாசனம் சொல்கிறது. ஆனால் அதற்கு ஒலிம்பிக்கில் பங்குபற்றியிருக்க வேண்டும். ஈச்சிலம்பற்றில் கபடி ஆடும் பிள்ளைக்கு அந்தக் கதவு எட்டாது. நாங்கள் கேட்பது ஏணியின் கீழ்ப்படிக்கு.

எங்கள் முன்மொழிவு இது. திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. முடிவுகளுக்கு முன் கருத்துக் கேட்க ஒரு மாவட்ட இளைஞர் குழு; அதற்கு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் 16 முதல் 24 வயது வரையான இருவர், அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண். ஆக 22 பேர். ஏன் இருவர்? ஒருவரை மட்டும் வைத்தால் அவர் முதற் கூட்டத்தில் பேசுவார், இரண்டாவதில் தலையாட்டுவார், மூன்றாவதற்கு வரமாட்டார். பக்கத்தில் தன் வயதில் இன்னொருவர் இருந்தால்தான் பெரியவரின் பேச்சை மறித்துக் கேட்கத் துணிவு வரும். மாவட்டத்தின் 22 பேரும் தமக்குள் இருவரைத் தேசிய மட்டத்துக்கு அனுப்பட்டும். அங்கும் தனியாக ஒருவர் வேண்டாம்.

தெரிவை உத்தியோகத்தர் கையில் விடாதீர்கள். உத்தியோகத்தர் தெரிவுசெய்தால் நன்றாகப் பேசும் பிள்ளை, ஆங்கிலம் தெரிந்த பிள்ளை, அல்லது ஏற்கெனவே மூன்று குழுக்களில் இருக்கும் பிள்ளை வரும். பதிவுசெய்த கழகங்களின் அணித்தலைவர்களும் பாடசாலை அணித்தலைவர்களும், ஆண் பெண் இரு பாலாரும், ஒரு சனிக்கிழமை பிரதேச செயலகத்தில் கூடி இரகசிய வாக்கில் தெரிவுசெய்யட்டும். கையுயர்த்தும் வாக்கு வேண்டாம். பயிற்றுநர் சுவரோரம் நின்றாலே கைகள் ஒரு பக்கம் போய்விடும். இதை எழுதுபவர்களில் பயிற்றுநர்களும் இருக்கிறோம், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. ஆண்டுதோறும் பாதிப்பேர் மாறினால் போன ஆண்டு என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்பது குழுவின் நினைவில் இருக்கும். எல்லோரையும் ஒரே நாளில் மாற்றினால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மொழி. இது சலுகை அல்ல. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. அறிவித்தல் ஒரு மொழியில் வந்து, அதை ஒருவர் வட்ஸ்அப்பில் குரற்பதிவாக விளக்கி, அது மூன்று குழுக்கள் தாண்டிப் போகும்போது பிறந்த திகதி எல்லை மாறிவிடுகிறது. ஜனவரி 1இல் பிறந்தவர் தகுதியுடையவரா என்பது ஒரு சொல்லில் தங்கியிருக்கும் விடயம். எங்கள் மாவட்டத்தில் இது இரு பக்கமும் வெட்டும்: வெருகலில் இருந்து வருபவருக்குச் சிங்களம் புரியாது, கோமரங்கடவலையில் இருந்து வருபவருக்குத் தமிழ் புரியாது. ஆகவே கூட்டத்தில் இரு திசையிலும் மொழிபெயர்க்க ஒருவர், நிகழ்ச்சி நிரல் 14 நாள் முன்பே இரு மொழியிலும். உறுப்பினர்களில் ஒருவரையே மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். அவர் அன்று முழுவதும் பிறர் சொன்னதைச் சொல்வாரே தவிர, தான் நினைத்ததைச் சொல்லமாட்டார்.

பயணப்படியைக் கூட்டம் முடியும்போதே கையில் கொடுங்கள். விண்ணப்பம் நிரப்பி, பற்றுச்சீட்டு ஒட்டி, மூன்று மாதம் கழித்து வரும் பணம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மட்டுமே குழுவில் மிஞ்சவைக்கும். கொழும்பில் கூட்டம் என்றால் எங்களுக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். காலை 9 மணிக் கூட்டத்துக்கு முதல்நாள் இரவே புறப்பட வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பாதுகாவலருக்கும் செலவு. இணையவழியில் நடத்தினால் 22 பேரையும் பிரதேச செயலகங்களில் உட்காரவைத்து இணையுங்கள். வீட்டில் டேட்டா முடிந்த பிள்ளையின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிவிட வேண்டாம்.

முதலாவதாக அவர்கள் முன் வைக்க வேண்டியது போட்டி அட்டவணை. மிக எளிதாகத் திருத்தக்கூடியதும், மிக அடிக்கடி பிழைப்பதும் அதுதான். போன ஆண்டின் தாளில் ஆண்டை மட்டும் மாற்றினால் என்னவாகும்? நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னே நகர்கிறது. கவனிக்காமல் விட்டால் கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் பிற்பகல் 2 மணிக்குத் தண்ணீர் குடிக்காமல் 1500 மீற்றர் ஓடுவார்கள். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. கரைவலைக் காலத்தில் கடலோரப் பையன்கள் விடியற்காலையில் மைதானத்துக்கு வரமாட்டார்கள். ஐப்பசிக்குப் பிறகு மழை, புல்தரையில் தண்ணீர் நிற்கும். உயர்தரப் பரீட்சை வேறு. இவை அனைத்தையும் ஒரே தாளில் போட்டால் மாவட்டப் போட்டிக்கு மிஞ்சுவது சில வார இறுதிகள்தான். எவை என்பதை 22 பேர் ஒரு முற்பகலில் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவதாக, பெண்பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் அறையில் இருந்தால் "எல்லாம் சரி" என்பதே பதிலாக இருக்கும். தனியாகக் கேட்டால் வருவது வேறு: உடைமாற்ற உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, இருட்டுமுன் பஸ். மாலை 4 மணிக்குத் தொடங்கும் வலைப்பந்து இறுதிப்போட்டி மூதூருக்கு அப்பால் உள்ள பிள்ளைக்கு வெற்றியோ தோல்வியோ அல்ல, வீட்டில் கேட்கப்போகும் கேள்வி. முக்காடும் அப்படித்தான். உதைபந்தாட்டத்தில் தலைமறைப்பு 2014 முதலும், கூடைப்பந்தாட்டத்தில் 2017 முதலும் சர்வதேச விதியிலேயே அனுமதிக்கப்பட்டது. அது தெரியாமல் பதிவு மேசையில் ஒருவர் "இதோடு ஆட முடியாது" என்று சொன்னால் அந்தப் பிள்ளை வாதாடாது, திரும்பிப் போய்விடும். அந்த விதியின் ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சடித்து மேசையில் ஒட்டினால் போதும்.

முறைப்பாட்டு வழி பயிற்றுநர் ஊடாகப் போகக் கூடாது. முறைப்பாடு பயிற்றுநரைப் பற்றியதாகவே இருக்கலாம். 18 வயதுக்குக் குறைந்த உறுப்பினருக்குப் பெற்றாரின் எழுத்துச் சம்மதம், எந்தப் பயணத்திலும் குறைந்தது இரு பெரியவர்கள், அவர்களில் ஒருவர் பெண். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் ஒவ்வொரு அறிவித்தலின் அடியிலும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

கடைசியாகப் பதில். இளைஞர்கள் எழுத்தில் கேட்டது ஒவ்வொன்றுக்கும் 30 நாளுக்குள் ஒரு வரி: ஏற்றோம் என்றால் எப்போதிருந்து; ஏற்கவில்லை என்றால் என்ன காரணம்; எங்கள் அதிகாரத்தில் இல்லை என்றால் யாருக்கு அனுப்பினோம். "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்பதைப் பதிலாக எண்ண வேண்டாம். இந்தப் பதிவேடு மாவட்டச் செயலகமான கச்சேரியிலும் பிரதேச செயலகங்களிலும் எவரும் புரட்டிப் பார்க்கும்படி இருக்கட்டும். இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க அந்தப் பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லிக்கொடுப்போம். 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்து.

அடுத்த ஆண்டுக்கான மாவட்டப் போட்டி அட்டவணையின் வரைவை, இறுதியாக்குவதற்கு ஆறு வாரம் முன்பாக, தமிழிலும் சிங்களத்திலும் அனுப்புங்கள். 11 பிரிவுகளிலும் அணித்தலைவர்களைக் கூட்டி மூன்றாம் வார முடிவில் திருத்தங்களுடன் திருப்பி அனுப்பும் வேலையை நாங்கள் ஏற்கிறோம். மண்டபமும் ஒலிவாங்கியும் வேண்டாம். ஒரு 50 மீற்றர் உருக்கு நாடாவும் ஒரு காற்றுமானியும் மாவட்டத்துக்குக் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டப் பயிற்றுநர்கள், நடுவர்கள், கழகச் செயலாளர்கள் சிலர்