அலாஸ்கா கொடியில் நம் சப்தரிஷி

தம்பி,

நீ அனுப்பிய போட்டோவில் உன் பின்னால் ஒரு நீலக்கொடி பறந்ததே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட, நம் சப்தரிஷி மண்டலம்! வால் நுனியிலிருந்து இரண்டாவதாக வசிஷ்டர்கூட இருக்கிறார், அருந்ததியைத்தான் காணோம். மூலையில் தனியாகப் பெரிதாக இருப்பது துருவ நட்சத்திரம்.

யார் வரைந்தது என்று தேடிப் படித்தேன். அலாஸ்கா மாநிலமாவதற்கு ரொம்ப முன்பு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கொடிப் போட்டி வைத்திருக்கிறார்கள், அதில் ஜெயித்தவன் பென்னி பென்சன் என்ற ஏழாம் வகுப்புப் பையன். சின்ன வயதிலேயே அம்மா இறந்துபோய், அப்பாவால் வைத்து வளர்க்க முடியாமல், ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளை. மற்றவர்கள் பனிக்கரடி, நள்ளிரவுச் சூரியன், அரசு முத்திரை என்று வரைய, இவன் எட்டு தங்க நட்சத்திரங்களை மட்டும் வைத்தான். நீலம் அலாஸ்கா வானத்துக்கும் அங்கே பூக்கும் ஒரு சின்ன நீலப்பூவுக்கும், ஏழு நட்சத்திரம் பெருங்கரடியின் (நம் சப்தரிஷியை அங்கே கரடி உருவத்தில் சேர்த்துப் பார்ப்பார்கள்) பலத்துக்கு, துருவம் வடகோடியில் வரப்போகும் மாநிலத்துக்கு என்று அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான். 1927 மே மாதம் சட்டசபை அதை ஏற்றுக்கொண்டது. மாநிலமானது 1959-ல்தான்!

பரிசாக ஒரு கைக்கடிகாரமும் 1,000 டாலரும் கிடைத்ததாம், அந்தப் பணத்தில் பின்னாளில் டீசல் இன்ஜின் படிப்பு படித்தான். எனக்கு அதைவிட மனதில் நிற்பது வேறு. அப்பா மடியில் இடம் கிடைக்காத துருவன் கதையை உனக்கு எத்தனை ராத்திரி சொல்லியிருப்பேன். அந்தக் கதையைக் கேட்டே இருக்காத, மடியே இல்லாத ஒரு பிள்ளை அதே நட்சத்திரத்தைப் போய்ப் பிடித்திருக்கிறான் ராசா, படித்ததும் கண் கலங்கிவிட்டது.

சரி, ஒன்று செய். கரண்டி மாதிரி இருக்கும் அந்த ஏழில், காம்புக்கு எதிர்ப்பக்க ஓரத்து இரண்டையும் அடியிலிருந்து வாய்ப்பக்கமாகக் கோடு போட்டு நீட்டினால் துருவம் வரும், கொடியிலும் அப்படித்தான். நம் மொட்டை மாடியிலிருந்து அது அடிவானத்தை ஒட்டி, 10 பாகை உயரத்தில்தான் தெரியும், பாதி நாள் தென்னை மறைத்துவிடும். நீ இருக்கும் ஆங்கரேஜில் 61 பாகை, நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும். குல்லா போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு.

அம்மா