வில்மிங்டன் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு தலைப்பு என்று தாவிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் ஒரே ஆளின் கடிதங்களை வாசிப்பது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அவர் நாம் குடியிருக்கும் இந்த பிராண்டிவைன் ஆற்றுப் பக்கத்துக்காரராக இருந்தால் நல்லது என்றும் பேசிக்கொண்டோம். அப்படித்தான் அமெரிக்கக் கடற்படையின் ரியர் அட்மிரல் சாமுவேல் பிரான்சிஸ் டூபான்ட் நம் வட்டத்துக்குள் வந்தார். அவர் தன் மனைவி சோஃபிக்கு எழுதிய கடிதங்கள் நம் பக்கத்திலேயே, ஹேக்லி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அடிமைமுறைத் தகராறில் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு வடக்கு 1861 முதல் 1865 வரை நடத்திய உள்நாட்டுப் போர்க் காலக் கடிதங்களில் தேர்ந்தெடுத்தவை 1969இல் மூன்று தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. நாம் கையில் வைத்துக்கொண்டு வாசித்தது அவற்றைத்தான்.

நிர்வாகச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். கூட்டம் நடத்திவந்த கூடத்தின் வாடகை கட்டுப்படியாகாமல் போனதால் உறுப்பினர் வீடுகளில் மாறி மாறிக் கூடினோம். இடம் கொடுத்து, காபியும் சுண்டலும் கொடுத்த எல்லா வீட்டாருக்கும் வட்டத்தின் நன்றி. கல்லூரி மாணவர்கள் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இனி வாசிப்புக்கு வருகிறேன்.

டூபான்ட் பிறந்தது 1803இல், நியூ ஜெர்சியில். 1815இல், பன்னிரண்டு வயதில், மிட்ஷிப்மேனாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, கடற்படையில் சேர்க்கப்பட்டார். அப்போது கடற்படைக் கல்லூரி என்று ஒன்று கிடையாது. பையன்கள் கப்பலிலேயே கணக்கும் திசையறிதலும் கற்றுக்கொள்ள வேண்டும். மெக்சிகோ போரில் சயேன் என்ற கப்பலின் தலைவராகக் கலிபோர்னியாக் கரையில் பணியாற்றினார். 1855இல் வேலைக்கு உதவாத அதிகாரிகளைக் கழித்துக்கட்ட அமைத்த குழுவில் இருந்து 201 பேரின் பெயரைப் பரிந்துரைத்ததில் நிறைய பகையைச் சம்பாதித்துக்கொண்டார். 1857இல் மினசோட்டா என்ற கப்பலில் அமெரிக்கத் தூதரைச் சீனாவுக்குக் கொண்டுபோனார். அந்தப் பயணத்தில் ஜப்பான், இந்தியா, அரபுக் கரை எல்லாம் பார்த்துவிட்டு 1859இல் ஊர் திரும்பினார்.

சோஃபி அவருடைய சிற்றப்பா மகள். வெடிமருந்து ஆலையை 1802இல் தொடங்கிய எலூதேர் இரேனே டூபான்ட்டின் பெண். 1833இல் கல்யாணம். பிள்ளைகள் இல்லை. கல்யாணமான சில ஆண்டுகளிலேயே சோஃபிக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. ஆலைக்கு எதிர்க்கரையில் இருந்த வீட்டில்தான் பெரும்பாலும் இருந்தார். கணவர் எந்தக் கடலில் இருந்தாலும் வீட்டுக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. ஒரே மூச்சில் எழுதி முடிக்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. நாட்குறிப்பு மாதிரி தினம் கொஞ்சம் எழுதிச் சேர்த்துக்கொண்டே போவார். வடக்கே போகும் கப்பல் வந்ததும் அதுவரை சேர்ந்ததை அனுப்பிவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். அதனால் போர் முடிந்தபின் உட்கார்ந்து எழுதிய நினைவுக்குறிப்புகளில் இல்லாத ஒன்று இவற்றில் இருக்கிறது. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத ஆள் எழுதியவை இவை. நம் கூட்டங்களில் அடுத்த கடிதத்துக்கு உறுப்பினர்கள் காட்டிய அவசரத்துக்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

1861 அக்டோபர் 29 அன்று வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் ரோட்ஸிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட வடக்குக் கப்பல்களோடு, தென்னவர் துறைமுகங்களை முற்றுகையிடத் தளம் பிடிக்க டூபான்ட் புறப்பட்டார். அந்நாள் வரை அமெரிக்கக் கொடியின் கீழ் அவ்வளவு பெரிய கடற்படை கூடியதில்லை. நவம்பர் 1 அன்று பெரும்புயலில் கப்பல்கள் மூலைக்கொன்றாகச் சிதறின. மீண்டும் திரட்டி நவம்பர் 7 அன்று தென் கரோலினாவின் போர்ட் ராயல் வாயிலில் நுழைந்தார். கரைக்கு ஒன்றாக இரண்டு கோட்டைகள். நங்கூரம் போட்டு நின்று சுடாமல், முதன்மைக் கப்பலான வாபாஷின் பின்னால் பெரிய கப்பல்களை வரிசையாக நீள்வட்டத்தில் சுற்றிவர வைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் தூரம் மாறும். கரையிலிருப்பவர்கள் குறியைத் திருத்துவதற்குள் கப்பல் நகர்ந்திருக்கும். கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஐயா இதை மேசைமேல் டம்ளர்களை வைத்து நகர்த்திக் காட்டினார். பாய்மரக் கப்பலை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, நீராவி இருந்ததால்தான் முடிந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் பலருக்கும் விஷயம் பிடிபட்டது. சில மணி நேரத்தில் இரண்டு கோட்டைகளும் காலியாகின.

அந்தக் கரையின் தென்னவர் படைக்குத் தலைவர் ஜெனரல் தாமஸ் டிரேட்டன். புயலில் பின்தங்கி நண்பகல்வாக்கில் வந்து சண்டையில் சேர்ந்த பொகஹான்டஸ் கப்பலின் தலைவர் பெர்சிவல் டிரேட்டன். இருவரும் கூடப்பிறந்தவர்கள். அண்ணன் நிற்கும் கரையைத் தம்பி சுட்டார். பெர்சிவல் டூபான்ட்டுக்கு மிக நெருங்கிய நண்பர். அன்றைய கூட்டத்தில் வேறு எதைப் பற்றியும் பேச்சு நகரவில்லை. நானும் நகர்த்தப் பார்க்கவில்லை.

போர்ட் ராயல் விழுந்ததும் பருத்தித் தோட்ட முதலாளிகள் ஓடிப்போனார்கள். அடிமைகளாக இருந்த ஏறத்தாழ 10,000 பேர் அங்கேயே இருந்தார்கள். நம் வில்மிங்டன் இருக்கும் டெலவர் அப்போது அடிமைமுறை சட்டப்படி நீடித்த மாநிலம் என்பது நம்மில் பலருக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது. டூபான்ட்டும் அடிமை ஒழிப்புக்காரர் அல்லர். வெளிநாடுகளில் அந்த முறைக்கு வக்காலத்து வாங்கியவர். தோட்டங்களில் அந்த மக்கள் வாழ்ந்த நிலையைக் கண்ணால் பார்த்தபின், உலகம் முழுக்க இதற்காக வாதாடினேனே, எல்லாம் மயக்கம் என்கிற பொருளில் நண்பர் ஒருவருக்கு எழுதினார். தன் எண்ணம் தவறு என்று ஐம்பத்தெட்டு வயதில் காகிதத்தில் எழுதிக்கொடுப்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. இந்த ஆண்டு வாசித்ததில் என்னை மிகவும் தொட்டது இந்த இடம்.

அடுத்த ஆண்டு மே 13, 1862. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிளான்டர் என்ற தென்னவர் நீராவிக் கப்பலை ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை, கப்பல் தலைவர் கரையில் தூங்கிய இரவில், ஓட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் தன் மனைவி மக்களையும் மற்றக் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, துறைமுக வாயிலில் இருந்த சம்டர் கோட்டையைத் தாண்டும்போது வழக்கமான விசில் சைகையைச் சரியாகக் கொடுத்தார். இருட்டில் கோட்டைக் காவலருக்குச் சந்தேகம் வரவில்லை. சுடும் எல்லையைத் தாண்டியதும் வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றி, முற்றுகையில் நின்ற வடக்குக் கப்பலிடம் போய்ச் சேர்ந்தார். ஸ்மால்ஸை டூபான்ட்டிடம் அழைத்துப் போனார்கள். எதிரியின் காவல் நிலைகளைப் பற்றி அவர் சொன்ன தகவல் உடனே பயன்பட்டது. இதுவரை நம் பக்கம் வந்தவர்களில் இவரைப் போல் ஒருவர் இல்லை என்று கடற்படை அமைச்சர் வெல்ஸுக்கு டூபான்ட் எழுதினார். பிடிபட்ட எதிரிக் கப்பலுக்குக் கொடுக்கும் பரிசுப் பணத்தில் ஸ்மால்ஸுக்கும் உடன் வந்தவர்களுக்கும் பங்கு கொடுக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஸ்மால்ஸ் பிற்காலத்தில் அதே நாடாளுமன்றத்தின் உறுப்பினரானார். அவரைப் பற்றி நம் மாணவ உறுப்பினர் ஒருவர் பேசியது ஆண்டின் மிகச் சிறந்த உரை என்று பலரும் என்னிடம் சொன்னார்கள்.

அப்புறம் சார்ல்ஸ்டன். வாஷிங்டனில் எல்லோருக்கும் அந்த ஊர் வேண்டியிருந்தது. போர் தொடங்கிய இடம் அல்லவா! இரும்புக் கவசம் போட்ட புதிய கப்பல்கள் போனால் போதும், ஊர் விழுந்துவிடும் என்று வெல்ஸும் துணை அமைச்சர் ஃபாக்ஸும் நம்பினார்கள். டூபான்ட் நம்பவில்லை. முள்ளெல்லாம் உள்பக்கம் இருக்கும்படி திருப்பிய முள்ளம்பன்றித் தோல் மாதிரி இந்தத் துறைமுகம், உள்ளே போனால் வெளியே வழி கிடையாது என்று 1862 மே மாதமே ஃபாக்ஸுக்கு எழுதினார். ஆனால் அதற்குப் பிறகு அமைச்சரிடம் நேருக்கு நேர், இது நடக்காது, தரைப்படை இல்லாமல் போகமாட்டேன் என்று ஒரு வரி சொல்லவில்லை. மனத்தாங்கலை எல்லாம் சோஃபிக்கும் நண்பர்களுக்கும் எழுதித் தீர்த்தார். கடிதங்களில் கவலை பக்கம் பக்கமாக ஓடுகிறது.

1863 ஏப்ரல் 7 அன்று ஒன்பது இரும்புக் கப்பல்கள் உள்ளே போயின. சண்டை இரண்டு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. கோட்டைகளிலிருந்து ஏறத்தாழ 2,200 குண்டுகள் வந்தன. கப்பல்களால் திருப்பிச் சுட முடிந்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பெரிய பீரங்கிகளில் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையே பல நிமிடம் பிடித்தது. டூபான்ட் இருந்த நியூ அயர்ன்சைட்ஸ் ஆழமில்லாத நீரில், நீரோட்டத்தில் திருப்ப முடியாமல் நங்கூரம் போட்டு நிற்க வேண்டியதாயிற்று. கியோகக் என்ற கப்பலில் ஏறத்தாழ 90 குண்டுகள் பட்டு, மறுநாள் காலையில் மூழ்கியது. அதற்கு வழிகாட்டி மாலுமியாக நின்றவர் அதே ராபர்ட் ஸ்மால்ஸ். மறுநாள் மீண்டும் தாக்கலாம் என்றுதான் டூபான்ட் நினைத்திருந்தார். இரவில் ஒவ்வொரு கப்பல் தலைவராக வந்து தன் கப்பலின் கதியைச் சொன்னதைக் கேட்டபின் கைவிட்டார். தோல்வியைப் பேரழிவாக ஆக்க மாட்டேன் என்பது அவர் முடிவு.

இந்த இடத்தில் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. அவர் மறுத்திருந்தால் வேறொருவரை அனுப்பியிருப்பார்கள், சாவும் அதிகமாகியிருக்கும், ஒப்புக்கொண்டு போனதே பொறுப்பு என்று ஒரு தரப்பு. தலைவர் அவர்களும் அதே கட்சி. நான் மற்றக் கட்சி. சோஃபிக்கு எழுதியதில் பாதியை வெல்ஸுக்கு எழுதியிருக்க வேண்டும். மறுநாள் போகாமல் நின்ற துணிவு, முந்தைய மாதங்களில் பேனாவைப் பிடித்தபோதும் இருந்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போதே அவர்மீது எனக்கு மதிப்பு குறையவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அதன்பின் பத்திரிகைகள் ஏசின. லிங்கன் அனுப்பிய தந்தியையும் அவர் கண்டனமாகவே எடுத்துக்கொண்டார். ஜூலையில் அவருக்குப் பதிலாக அட்மிரல் டால்கிரன் வந்து பொறுப்பேற்றார். அவராலும் கடல்வழியாகச் சார்ல்ஸ்டனைப் பிடிக்க முடியவில்லை. 1865 பிப்ரவரியில் வடக்கு ஜெனரல் ஷெர்மனின் தரைப்படை பின்னாலிருந்து வழியை அடைத்த பிறகுதான் தென்னவர் ஊரை விட்டுப் போனார்கள். டூபான்ட் அதே ஆண்டு ஜூன் 23 அன்று பிலடெல்பியாவில் இறந்தார்.

வசந்தத்தில், டூபான்ட் குடும்பத்தின் பழைய ஆலைகள் இருக்கும் ஹேக்லிக்குக் குடும்பத்தோடு போனோம். வெடிமருந்து ஆலைகளின் மூன்று பக்கச் சுவர் தடித்த கல், ஆற்றுப் பக்கம் மட்டும் இலேசான மரம். வெடித்தால் வேகம் ஆற்றை நோக்கிப் போய்விடும். அங்கே வெடிமருந்துக்கு முக்கியச் சரக்காக இருந்த வெடியுப்பின் கதை நம் நாட்டையும் தொடுகிறது. பிரிட்டன் வழியாக வந்த உப்பு, இந்தியாவில் பெரும்பாலும் பீகார்ப் பக்கம் மண்ணிலிருந்து எடுத்தது. 1861 கடைசியில் இந்த வீட்டுப் பிள்ளை லாமோட் டூபான்ட் இலண்டனில் அதைப் பெருமளவு வாங்கப் போனபோது, டிரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலை வடக்குப் போர்க்கப்பல் மறித்துத் தென்னவர் தூதர்களைப் பிடித்த தகராறில் பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. தகராறு தீர்ந்த பிறகே சரக்கு கிளம்பியது. திரும்பும் வழியில் ராக்ஃபோர்டு பூங்காவில் டூபான்ட்டின் சிலையைப் பார்த்தோம். 1884இல் வாஷிங்டனின் டூபான்ட் சர்க்கிள் என்ற வட்டச் சந்திப்பில் வைத்த சிலைதான் அது. 1920இல் இங்கே கொண்டுவந்து, அங்கே பளிங்கு நீரூற்று கட்டினார்கள். தினமும் டூபான்ட் சர்க்கிள் மெட்ரோ நிலையத்தில் இறங்கி வேலைக்குப் போன நம் உறுப்பினர் அம்மா, அந்தப் பெயருக்குரியவர் யார் என்று இத்தனை ஆண்டும் யோசித்ததே இல்லை என்றார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பது சோஃபி. அவர் கணவருக்கு எழுதிய பதில்களும், இளம் வயதில் வீட்டு நடப்புகளை வைத்து வரைந்த கேலிச் சித்திரங்களும் ஹேக்லியிலேயே இருக்கின்றன. ஒரு பக்கத்துக் கடிதங்களை மட்டும் ஓராண்டு வாசித்துவிட்டோம். பேச்சின் மறுபாதியைக் கேட்காமல் விடுவது முறையில்லை. பழைய கையெழுத்தைப் படிக்கப் பொறுமை உள்ள உறுப்பினர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள். நூலகத்தின் வாசிப்பு அறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த அறிக்கையையும் பரிந்துரையையும் ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்