அப்பான்ர கொப்பி

பிள்ளை,

அப்பான்ர கொப்பியை லைப்ரரிக்குக் குடுக்க நீ அனுப்பின ஃபோர்ம் வந்து பத்து நாளாச்சு, இன்னும் கையெழுத்துப் போடேல்ல. அதில உன்ர அட்ரஸில யூனிட் நம்பர் ஒண்டு இருக்கு, முந்தி இல்லையே. சரி, அதை விடு. நேரத்துக்குச் சாப்பிடுறியோ?

உங்கட ஸ்காபரோ யூனிவர்சிட்டி லைப்ரரியில தந்தை செல்வான்ர கடிதம், படம், பேப்பர் கட்டிங் எல்லாம் பத்திரமா வச்சிருக்கினம் எண்டு நீ சொன்னதை நான் சந்தை வரைக்கும் சொல்லிப்போட்டன், பெருமைதான். ஆனா சங்கக்கடை மனேச்சர்ர வரவு செலவுக் கொப்பி அங்க என்னத்துக்கு எண்டு சிரிப்பும் வந்தது. பிறகு எடுத்து வாசிச்சன். பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெய்க்கு ஆர் ஆர் வரிசையில நிண்டது, ஆருக்குக் கடன், சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோவில கேட்ட செய்தி எண்டு ஓரத்தில எல்லாம் எழுதி வச்சிருக்கிறார் மனுசன். கொப்பியில கிடந்த பின்னுகளைக் கழட்டச் சொன்னாய், கழட்டினன், எல்லாம் துரு. செலோடேப் ஒட்டவேண்டாம் எண்டு நீ சொல்ல முதலே ரெண்டு பக்கத்துக்கு ஒட்டிப்போட்டன், பேசாத. நீயும்தான் ஒண்டரை மாசமா வீடியோ போடாம கதைக்கிறாய், நான் பேசினனானோ? குளிருக்குத் தொப்பி போடு.

ஃபோர்மில வேற கடிதங்கள் இருந்ததோ எண்டு கேட்டிருக்கு. சின்னண்ணான்ர மூண்டு கடிதமும் இடம்பெயர்ந்த 95 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில, அந்த மழைக்கையும் சனத்துக்கையும் பையோட விழுந்திட்டுது எண்டுதானே உனக்குச் சொன்னனான். அப்பாவும் கண் மூடுமட்டும் அப்பிடித்தான் நம்பினவர். விழேல்லப் பிள்ளை. கொடிகாமம் மட்டும் என்ர நெஞ்சுக்கைதான் கிடந்தது. 96ல திரும்பி வரேக்க ஆமிச் சென்றியில செக் பண்ணுவாங்கள், உன்னையும் பிடிச்சிடுவாங்கள் எண்டு முதல் நாள் இரவு கிணத்தடியில வச்சு நான்தான் கொளுத்தினனான். 81ல யாழ்ப்பாண லைப்ரரி எரிய அப்பா ரெண்டு நாள் சாப்பிடேல்ல, 97,000 புத்தகம் எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லுவார், நானும் மண் அள்ளித் திட்டினனான். அதே கையாலதான் நெருப்புக்குச்சி தட்டினன்.

மூண்டாவது கடிதம் உனக்கு வந்தது. நீ ஓ.எல் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தனி, குழம்பிடுவாய் எண்டு தரேல்ல. பிறகு தரலாம் எண்டு வச்சிருந்தன். வீட்டுத் தையல் மெசினை வித்துப்போடாதேங்கோ, தங்கச்சி பழகட்டும் எண்டு எழுதியிருந்தவன், மற்றதெல்லாம் மறந்துபோச்சு, எவ்வளவு யோசிச்சாலும் வருகுதில்ல.

அந்தக் கேள்விக்கு என்ன எழுதோணும் எண்டு நீயே சொல்லு. கொப்பியை ஒழுங்கு மாத்தாமக் கட்டி வச்சிருக்கிறன், சித்தப்பான்ர பொடியன் அடுத்த கிழமை வாறான், அவனிட்டைக் குடுத்துவிடுறன். எங்க கொண்டுவந்து தரச் சொல்ல, அந்த வீட்டுக்கோ யூனிட்டுக்கோ?

அம்மா