சியோல் வைரஸும் எங்க தோட்டப்பாளையமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல நியூயார்க் எலிகளைப் பத்தியும் அதுங்க உடம்புல இருக்கிற சியோல் வைரஸ் பத்தியும் வந்த கட்டுரையைப் படிச்சேன் சார். நல்லா தான் எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல ஒரு இடத்துல கொரியாவுல இருந்து கிளம்பி அமெரிக்காவுக்குள்ள புகுந்த வைரஸ்னு போற போக்குல ஒரு வரி வருது பாருங்க, அது ரெண்டு நாளா எனக்கு தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. நான் வேலூர்க்காரன், அதுலயும் தோட்டப்பாளையம். ஊர் பேரை ஒரு வைரஸுக்கு வெச்சா எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும்.

நிறைய பேருக்கு இது தெரியாது. 1964-ல எங்க ஏரியாவுல ஒரு மூஞ்சூறைப் பிடிச்சாங்க, மூளைக்காய்ச்சல் ஆராய்ச்சிக்காக. அதுல இருந்து எடுத்த வைரஸுக்கு தோட்டப்பாளையம் வைரஸ்னே பேர் வெச்சிட்டாங்க. அது என்ன குடும்பம்னு அப்போ யாருக்கும் புரியல. ரொம்ப வருஷம் கழிச்சு தான் அது ஹண்டா குடும்பத்துல ஒண்ணுனு கண்டுபிடிச்சாங்க (எலி, மூஞ்சூறு மாதிரி பிராணிங்க சுமக்கிற வைரஸ் கூட்டம் அது, சியோல் வைரஸும் அதுல ஒண்ணு தான்), அப்படிப் பார்த்தா உலகத்துல முதல்ல பிரிச்செடுத்த ஹண்டா வைரஸே எங்க தெரு மூஞ்சூறு கொடுத்தது தான். 2020 மார்ச்ல சீனாவுல பஸ்ல போன ஒரு ஆள் செத்துட்டார், ஹண்டா பாசிட்டிவ்னு செய்தி வந்ததும் வாட்ஸ்அப்ல அடுத்த கொரோனா ரெடின்னு பறந்துச்சு ஞாபகம் இருக்கா? அன்னைக்கு பெங்களூர்ல இருக்கிற என் அக்கா பையன் போன் பண்ணி, மாமா உங்க ஏரியா பேர்லயே ஒண்ணு இருக்காமே, அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேட்டான். சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

சியோல் கதையும் இதே தான். கொரியப் போர் நேரத்துல ஐநா படையில 3,000 பேருக்கு மேல ஒரு விதமான ரத்தக்கசிவு காய்ச்சல் வந்து கிட்னி பாதிச்சுது, காரணம் தெரியல. 1976-ல லீ ஹோ வாங்ங்கற கொரிய டாக்டர் தான் வயல் எலி நுரையீரல்ல அதைக் கண்டுபிடிச்சு, பக்கத்துல ஓடுற ஹண்டான் ஆத்து பேரை வெச்சார். அப்புறம் வயல் பக்கமே போகாத சிட்டி ஜனங்களுக்கும் காய்ச்சல் வருதேன்னு அவர் குழு சியோல் நகரத்து எலிகளைப் பிடிச்சுப் பார்த்தா, அதுல இன்னொரு வகை. 1980-கள் தொடக்கத்துல அதுக்கு சியோல்னு பேர் ஒட்டிக்கிச்சு. தேடுனவர் அந்த ஊர்க்காரர், அவ்ளோ தான் விஷயம். அதே சமயத்துல நியூ ஆர்லியன்ஸ் எலியில இருந்து எடுத்ததுக்கு சாப்பட்டூலஸ்னு பேர் (நம்ம காதுக்கு சாப்பாட்டுக்கடை மாதிரி இருக்கு), பிலடெல்பியாவுல எடுத்ததுக்கு ஜிரார்ட் பாயின்ட்னு பேர். கடைசியில பார்த்தா எல்லாமே ஒரே சியோல் வைரஸ். பால்டிமோர் சந்துகள்ல திரியற எலிகள்கிட்டயும் 1980-கள்லயே இருந்துச்சு. நியூயார்க்ல 2014-ல தான் முதல் தடவையா பதிவாச்சு, மன்ஹாட்டன்ல பிடிச்ச 133 எலிகள்ல. அதே ஆராய்ச்சியில அதுக்கு முன்னாடி யாருக்குமே தெரியாத 18 வைரஸும் கிடைச்சுது, அதைப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வார்த்தை இல்ல.

இதைச் சுமக்கிற எலி பேரும் தப்பு தான் சார். நார்வே எலி. 1769-ல பெர்கன்ஹவுட்ங்கறவர் அது நார்வே கப்பல்ல வந்து இறங்குச்சுன்னு நெனச்சு அப்படி எழுதிட்டார். அதோட பூர்வீகம் வட சீனா, மங்கோலியா பக்கம்.

வைரஸோட பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு உங்க ஆள் ரெண்டு வரியில முடிச்சிட்டார், அது தான் சுவாரசியமான இடம். இந்த வைரஸோட ஆர்என்ஏ, அதாவது அதோட மரபணுச் சரடு, மூணு துண்டா இருக்கும், பெருசு நடு சின்னதுன்னு. ஒவ்வொரு தடவை நகல் எடுக்கும்போதும் அங்கங்க எழுத்துப்பிழை விழும், அந்தப் பிழைகளை ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்த்தா யாரு யாருக்குப் பங்காளின்னு தெரிஞ்சிடும். ஒரு எலிக்குள்ள ரெண்டு வகை வைரஸ் மாட்டிக்கிச்சுன்னா துண்டை மாத்திக்கிறதும் உண்டு, அதனால ஒரு துண்டை மட்டும் பார்த்து வம்சம் சொன்னா சில சமயம் ஏமாந்து போவோம், மூணையும் படிக்கணும். அப்படிப் பார்த்ததுல சீனாவுல தான் கிளைகள் ஜாஸ்தி, மத்த நாடுகள்ல எடுத்தது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. பூர்வீக ஊர்ல பங்காளி வகையறா ஏகப்பட்டது இருக்கும், அதுல ஒருத்தர் பர்மாவுக்குக் கப்பலேறிப் போயிருந்தா அங்க இருக்கிற வம்சம் பூரா அவர் மூக்கை வெச்சிக்கிட்டே திரியும்ல, அது மாதிரி. அதை வெச்சு தான் சீனாவுல இருந்து எலியோட கப்பல்ல பரவியிருக்கணும், அதுவும் சமீப நூற்றாண்டுகள்லனு 2012-ல ஒரு ஆராய்ச்சி சொல்லுச்சு. உடனே அப்போ சீன வைரஸ்னு தலைப்பு போட்டுடாதீங்க சார், எலியை கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போனது சரக்கு வாங்கின விக்கின எல்லாரும் தான்.

தான் போகவே வழி இல்லாத மூஞ்சூறு வெளக்கமாத்தையும் கவ்விக்கிட்டு போச்சாம்னு எங்க பாட்டி சொல்லும். இந்த எலி விஷயத்துல அது அப்படியே நடந்திருக்கு. சிட்டி எலி ஒரு தெருவைத் தாண்டவே யோசிக்கும், பெரும்பாலும் பொறந்த சந்துலயே செத்துடும். நியூயார்க் எலிகளோட மரபணுவைப் பார்த்து மன்ஹாட்டன்ல மேல்பக்கத்து எலி வேற கீழ்பக்கத்து எலி வேற, நடுவுல ஆபீஸ் ஓட்டல் இருக்கிற பகுதி வேலி மாதிரி பிரிச்சு வெச்சிருக்குன்னு ஃபோர்டாம் யுனிவர்சிட்டிக்காரங்க சொன்னாங்க. நம்ம கப்பலும் லாரியும் இல்லன்னா அந்த வைரஸ் அடுத்த பேட்டைக்குப் போறதே கஷ்டம். 2017-ல அமெரிக்காவுல வளர்ப்பு எலி விக்கிறவங்க மூலமா 11 மாநிலத்துக்குப் போயி 17 பேருக்குத் தொத்துச்சே, அதுல சாக்கடை எலிக்கு வேலையே இல்ல, கூண்டுல வெச்சு கார்ல கொண்டு போனது நாம தான்.

எலிக்குள்ள அது பரவுறது சண்டையில. கடிச்சுக்கிட்டு காயம் பட்டுக்கிட்டு எச்சில்ல பரவும், அதனால வயசான தடிமனான எலிங்க கிட்ட தான் ஜாஸ்தி இருக்கும், எலிக்கு ஒண்ணும் ஆகாது, சாகுற வரைக்கும் சுமந்துக்கிட்டே திரியும். மனுஷனுக்கு அதோட மூத்திரம், புழுக்கை காஞ்சு தூசியாகி மூச்சுல போனா தான் வரும், இல்லன்னா கடிச்சா. சியோல் வகை ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. வந்தவங்கள்ல நூத்துல ஒண்ணு ரெண்டு பேர் சாகலாம், கிட்னி அடி வாங்கும்.

இதுல எனக்கு ஒரு சொந்த பயமும் இருக்கு. எங்க அப்பா அரிசி மண்டி வெச்சிருந்தார், நான் பதினஞ்சு வருஷம் காலையில குடோனைத் தொறந்ததும் முதல் வேலையா வெளக்கமாத்தை எடுத்து எலிப்புழுக்கையைக் கூட்டித் தள்ளுவேன், தூசி மூஞ்சியில அடிக்கும், வாயை மூடுனது கூட இல்ல. ஆனா காத்தோட்டத்துக்குக் கதவைத் தொறந்து வெச்சிட்டு, கையுறை போட்டு, ப்ளீச்சிங் தண்ணி தெளிச்சு நனைய வெச்சு, அப்புறம் துடைச்சு எடுக்கணுமாம், உலர்ந்ததைக் கூட்டவே கூடாதாம். வேலூர் சிஎம்சி ஆராய்ச்சியாளர்கள் குடோன் தொழிலாளிங்க, எலி பிடிக்கிற இருளர்கள் இவங்க ரத்தத்தையெல்லாம் சோதிச்சு, சிலர்கிட்ட ஹண்டா வகைக்கான எதிர்ப்பொருள் (அந்த வகை வைரஸ் உடம்புக்குள்ள வந்து போனதுக்கான தடயம்) இருக்கிறதா எழுதியிருக்காங்க. இதை ஒரு பெட்டிச் செய்தியா போட்டிருந்தா மண்டிக்காரங்க யாராவது வெட்டி சுவத்துல ஒட்டியிருப்பாங்க.

பேர் விஷயத்துக்கே வரேன். 1993-ல அமெரிக்காவுல நாலு மாநிலம் சந்திக்கிற இடத்துல இன்னொரு ஹண்டா வந்து இளவயசுக்காரங்க மூச்சுத்திணறி செத்தாங்க. முதல்ல அந்த இடத்துப் பேரையே வைரஸுக்கு வெக்கப் பார்த்தாங்க, ஜனங்க எதிர்த்தாங்க, வேற பேர் பார்த்தாங்க, அதுக்கும் எதிர்ப்பு. கடைசியில சின் நோம்ப்ரேன்னு வெச்சாங்க, ஸ்பானிஷ்ல பேர் இல்லாததுன்னு அர்த்தம். எங்க கிட்ட 1964-ல யாரும் கேக்கல. இப்போ மாத்தச் சொல்லவும் இல்ல, கொஞ்சம் பெருமையா கூட இருக்கு, உலகத்து லேப் எல்லாத்துலயும் எங்க தெரு பேர் இருக்கேன்னு.

கேக்கறது ரெண்டே தான். அந்த கொரியா வரிக்கு அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போடுங்க. அப்புறம் கட்டுரைக்கு மேல நீங்க போட்டிருந்த படம் நார்வே எலி இல்ல சார், அது பெருச்சாளி, மண்டிக்காரன் கண்ணுக்கு அது தப்பாது. என்னைக்காவது தோட்டப்பாளையம் வைரஸ் பத்தி எழுதுனீங்கன்னா அதுக்கும் எலி படம் போட்டுடாதீங்க. மூஞ்சூறு எலி சாதியே கிடையாது, பூச்சி தின்னுற வேற இனம்.

இப்படிக்கு,
தோட்டப்பாளையம் வாசகன்,
வேலூர்