ஒரு நிமிடம் ஒதுக்குங்கள், சபாநாயகர் அவர்களே

மதிப்பிற்குரிய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் கெவின் மெக்கார்த்தி அவர்களுக்கு,

வணக்கம்.

2023 ஜூலை 27 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலின் ரொட்டுண்டா என்ற வட்ட மண்டபத்தில் நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. நாடே பேசிவிட்டது. திட்டியவர் உங்கள் கட்சிக்காரர், உங்கள் அவையின் உறுப்பினர், விஸ்கான்சினின் டெரிக் வான் ஆர்டன். திட்டு வாங்கியவர்கள் அந்த மண்டபத் தரையில் படுத்திருந்த, செனட்டில் எடுபிடி வேலை பார்க்கும் பேஜ் எனப்படும் பள்ளிப் பிள்ளைகள். பதினாறு, பதினேழு வயது. அவர் சொன்னதை அந்தப் பிள்ளைகளில் ஒருவர் சில நிமிடங்களுக்குள் எழுதி வைத்துவிட்டார். தான் திட்டவே இல்லை என்று வான் ஆர்டனும் சொல்லவில்லை. பத்திரிகைகள் அந்த வாக்கியங்களைப் பாதி எழுத்தும் பாதி கோடுமாகத்தான் அச்சிட்டன. நாங்கள் செனட் பேஜ்கள் என்று சொன்ன பிறகும், யாராக இருந்தால் எனக்கென்ன, வெளியே போ என்றுதான் பதில் வந்திருக்கிறது. கோடு போடாமல் அச்சிட முடிந்த ஒன்றிரண்டு வசவுகளில் சோம்பேறி என்பதும் இருந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. விடுமுறை முடிந்து செப்டம்பரில் உங்கள் அவை கூடும்போது, வழக்கமாக நடக்கும் ஒரு நிமிட உரைகளில் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும்படி உங்கள் உறுப்பினரிடம் சொல்லுங்கள். அவர் மாட்டேன் என்றால், அவையின் சார்பில் நீங்களே கேளுங்கள்.

நான் வர்ஜீனியாவில் குடியிருக்கும் தமிழன். என் மகள் இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு. பேஜ் வேலைக்கு விண்ணப்பம் போடும் வயது. ஆங்கிலத்தில் ஒரு பிரதி உங்கள் அலுவலகத்துக்கு வரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம், பேத்தி நாடாளுமன்றத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கா போகப்போகிறாள் என்று தொலைபேசியில் கவலைப்படும் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான்.

ஆமாம், தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் வேலைதான். செனட்டில் ஒரே நேரத்தில் முப்பது பேஜ்கள் இருப்பார்கள். பள்ளி இறுதிக்கு முந்தைய வகுப்புப் பிள்ளைகள், நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள், ஒரு செனட்டரின் பரிந்துரையோடு வந்தவர்கள். கருநீலக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்து, தலைவர் மேடையின் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எந்த செனட்டராவது பேச எழுந்தால், ஒரு பிள்ளை சின்ன மேசைத்தாங்கியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசைமேல் வைக்கும். இன்னொன்று தண்ணீர்க் கோப்பையோடு வரும். யாருக்குச் சாதாரணத் தண்ணீர், யாருக்குச் சோடா என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். மசோதாத் திருத்தங்களை மேடைக்குக் கொண்டுபோவதும், ஒவ்வொரு மேசையிலும் அன்றைய காகிதங்களை அடுக்குவதும் அவர்கள் வேலை. 2020 ஜனவரியில் அதிபர் டிரம்ப் மீதான பதவி நீக்க விசாரணையில், செனட்டர்கள் எழுதிக் கொடுத்த கேள்விச் சீட்டுகளைத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இந்த வயதுப் பிள்ளைகள்தான். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. 

இதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. அது நேரம். பள்ளி ஆண்டில் சேரும் பேஜ்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அவர்கள் தங்கும் விடுதிக் கட்டடத்திலேயே. முதல் வகுப்பு காலை 6:15-க்கு. செனட் கூடும் முன் கணிதமும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலமும் முடித்தாக வேண்டும். அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு அவைக்கு. அவை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. மாலை ஐந்துக்கு முடியலாம், பின்னிரவு வரையும் இழுக்கலாம். ஒரு செனட்டர் எழுந்து இரண்டு மணி நேரம் பேச வேண்டும் என்று முடிவெடுத்தால், அந்த இரண்டு மணி நேரமும் படிக்கட்டில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கொட்டாவியை விழுங்கிக்கொண்டு நேராக உட்கார்ந்திருக்கும். மறுநாள் இயற்பியல் வீட்டுப்பாடம் இன்னொரு பக்கம் காத்திருக்கும். செனட்டருக்குத் தூக்கம் வந்தால் அவர் தன் அலுவலகத்துக்குப் போய்ச் சோபாவில் சாயலாம். படிக்கட்டுக்குச் சாய்மானம் கிடையாது.

கோடைகாலப் பேஜ்களுக்கு வகுப்பு இல்லை, அது உண்மைதான். ஜூலையில் இருந்தவர்கள் அந்த வகை. அதை நீங்கள் சுட்டிக்காட்டலாம் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வாரம் செனட் ராணுவச் செலவு மசோதாவின் திருத்தங்களை எடுத்துக்கொண்டு இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. அந்த மசோதா ஜூலை 27 அன்று 86-க்கு 11 என்ற கணக்கில் நிறைவேறியது. அதற்கான காகிதங்கள் நடந்து வந்தா மேடை ஏறின? நாட்டின் ராணுவத்துக்காக இரவு வெகுநேரம் ஓடிய பிள்ளைகளைப் பார்த்து, ராணுவத்தில் இருந்த ஒருவர் சோம்பேறி என்கிறார். அவர் கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படையில் வீரராக இருந்தவர். தூக்கமில்லாமல் வேலை பார்ப்பது என்றால் என்ன என்பது அவையில் வேறு எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, தரையில் ஏன் படுத்திருந்தார்கள்? ரொட்டுண்டாவின் உச்சியில், தரையிலிருந்து 180 அடி உயரத்தில், கான்ஸ்டன்டீனோ புரூமிடி 1865-ல் வரைந்த ஓவியம் இருக்கிறது. நடுவில் ஜார்ஜ் வாஷிங்டன் மேகத்தில் உட்கார்ந்திருப்பார். உருவங்களில் சில 15 அடி உயரம், கீழேயிருந்து பார்த்தால் கட்டைவிரல் அளவு. பகலில் அங்கே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடத்துக்கு மேல் கழுத்து தாங்காது, பின்னால் வரும் சுற்றுலாக் கூட்டம் தள்ளவும் தள்ளும். அதை ஒழுங்காகப் பார்க்க ஒரே வழி, ஆளில்லாத நேரத்தில் தரையில் மல்லாந்து படுப்பது. பணி முடியும் கடைசி வாரத்தில் பேஜ்கள் அப்படிப் படுத்துப் படம் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கமாம். வாஷிங்டனைப் பார்க்கப் படுத்ததைத்தான் உங்கள் உறுப்பினர் இடத்தைக் கெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உள்நாட்டுப் போரில் அந்த மண்டபம் மருத்துவமனையாக இருந்தது, வீரர்கள் அங்கே உயிர்விட்டார்கள், மரியாதை வேண்டும் என்பது அவர் கொடுத்த விளக்கம். 1862-ல் கேப்பிட்டலில் கட்டில் போட்டுக் காயம்பட்டவர்களைக் கிடத்தியது வரலாறுதான். மறுக்கவில்லை. அந்த மண்டபத்தில் கெட்ட வார்த்தை பேசுவது மட்டும் எப்படி மரியாதை ஆகும் என்பதை யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும். தயவுசெய்து எழுந்திருங்கள், இது பெரியவர்கள் உயிர்விட்ட இடம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் துள்ளி எழுந்திருப்பார்கள். ஓர் இரவு முழுக்க அதையே பேசியிருப்பார்கள். வரலாற்றில் ஆர்வம் இல்லாத பிள்ளை கோடை விடுமுறையை விட்டுவிட்டு அங்கே வருமா?

வரலாறு என்றதும் உங்கள் அவையின் வரலாறு ஞாபகம் வருகிறது. 1954 மார்ச் 1 அன்று, பிரதிநிதிகள் சபையின் பார்வையாளர் மாடத்திலிருந்து துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து உறுப்பினர்கள் காயமடைந்தார்கள். மிச்சிகன் உறுப்பினர் ஆல்வின் பென்ட்லிக்கு மிகக் கடுமையான காயம். அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கேப்பிட்டலின் படிகளில் தூக்கிக்கொண்டு இறங்குபவர்களின் புகைப்படம் இன்றும் பிரபலம். தூக்கியவர்களில் பேஜ் பையன்கள் இருந்தார்கள். பில் எமர்சன், பால் கஞ்சோர்ஸ்கி, அப்போது இருவருக்கும் பதினாறு வயது. பிறகு எமர்சன் குடியரசுக் கட்சியிலும் கஞ்சோர்ஸ்கி ஜனநாயகக் கட்சியிலும் நின்று, அதே அவைக்கு உறுப்பினர்களாகவே வந்தார்கள். 1941 டிசம்பர் 8 அன்று, போர் அறிவிக்கக் கோரி அதிபர் ரூஸ்வெல்ட் பேசியபோது அவையில் பேஜாக நின்ற பதினைந்து வயது ஜான் டிங்கல், அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே மிக நீண்ட காலம் உறுப்பினராக இருந்தவர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றார். இன்று நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தயங்கும் அந்தப் பிள்ளைகளில், இருபது வருடம் கழித்து உங்கள் நாற்காலியில் யார் உட்காருவார் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. யாராக இருந்தாலும் ஜூலை 27-ஐ அவர் மறந்திருக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அவைக்கு இப்போது சொந்தமாகப் பேஜ்களே இல்லை. 2011 ஆகஸ்டில், அன்றைய சபாநாயகர் போனரும் சிறுபான்மைத் தலைவர் பெலோசியும் கூட்டாக அறிக்கை விட்டு அந்தத் திட்டத்தை மூடினார்கள். மின்னஞ்சல் வந்துவிட்டது, செய்தி கொண்டுபோக ஆள் தேவையில்லை, ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் செலவாகிறது என்றார்கள். மின்னஞ்சல் செனட்டுக்கும்தான் வந்தது, அவர்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டார்கள். இரண்டு கட்சிகளும் சேர்ந்து ஒரு செலவைக் குறைத்த அந்த அபூர்வ நாளில், குறைக்கக் கிடைத்தது பதினாறு வயதுப் பிள்ளைகளின் சம்பளம். மிச்சம் பிடித்த பணத்தில் நாட்டின் கடன் எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் மரியாதையாக இருக்காது, கேட்கவில்லை.

அதற்கு முன்பும் இதே கதைதான். 1983-ல் பேஜ்களோடு தகாத உறவு வைத்ததற்காக இரண்டு உறுப்பினர்களை உங்கள் அவை கண்டித்தது. அதையொட்டி வந்த சீர்திருத்தமெல்லாம் பிள்ளைகளுக்குத்தான்: வயது வரம்பு, விடுதி, கண்காணிப்பு. 2006-ல் ஓர் உறுப்பினர் பேஜ் பையன்களுக்கு அனுப்பிய அசிங்கமான செய்திகள் வெளியே வந்து அவர் பதவி விலகினார். ஐந்து வருடத்தில் திட்டத்தையே மூடிவிட்டீர்கள். பெரியவர்கள் செய்யும் தப்புக்கு ஒவ்வொரு முறையும் பிள்ளைகள்தான் கட்டுப்பாட்டுக்குள் வருகிறார்கள். இந்த முறையும் ரொட்டுண்டாவில் பேஜ்கள் படுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சொந்தப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் திட்டினால், குறைந்தபட்சம் வேலியருகே வந்து ஒரு வார்த்தை சொல்வது ஊர் வழக்கம்.

செனட் என்ன செய்தது என்று பார்த்தீர்களா? அதே நாளிலேயே செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷூமர் எழுந்து, நடந்தது அதிர்ச்சி என்றார், பேஜ்களுக்கு நன்றி சொன்னார். குடியரசுக் கட்சித் தலைவர் மெக்கானல் எழுந்து தானும் அதையே சொல்வதாகச் சொன்னார். நாள் தேதி உட்பட எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர். அவர்களுக்கு அதற்கு ஆன நேரம் சில நிமிடங்கள். அந்தப் பிள்ளைகள் யாரிடமிருந்து ஒரு வார்த்தை எதிர்பார்க்க வேண்டுமோ அவர் மட்டும் இதுவரை அதைச் சொல்லவில்லை. அவர் இருக்கும் அவையும் சொல்லவில்லை.

என் மகள் விண்ணப்பத்தில் கட்டுரைப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் தடுக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்: அந்த எம்.பி. இன்னும் அந்தத் தாழ்வாரத்தில்தான் நடப்பாரா? நடப்பார் என்றேன். அப்படியென்றால் அவர் எதிரே வந்தால் நான் வணக்கம் சொல்ல வேண்டுமா என்றாள். பேஜ்களுக்கு மரியாதை கட்டாயம், சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். உறுப்பினர்களுக்கு அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நிமிட உரைகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. தொகுதியில் நூறு வயது நிறைந்த பாட்டிக்கு வாழ்த்து, சாம்பியன் பட்டம் வென்ற பள்ளிக் கூடைப்பந்து அணிக்குப் பாராட்டு என்று நல்ல விஷயங்கள் பல அதில் வருகின்றன. நாடாளுமன்றப் பதிவேட்டிலும் ஏறுகின்றன. அதே பதிவேட்டில் இதுவும் ஏறட்டும். அன்று இரவு அங்கிருந்த பிள்ளைகள் எல்லோரும் இப்போது தங்கள் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். முகவரி செனட் அலுவலகத்தில் இருக்கும். பேசிய பக்கத்தை ஆளுக்கொரு பிரதி எடுத்து, உங்கள் கையொப்பத்தோடு அனுப்பி வையுங்கள். மின்னஞ்சலிலேயே அனுப்பலாம், செலவில்லை.

செப்டம்பரில் அவை கூடும் முதல் வாரத்திலேயே இதைச் செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேஜ் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒரு பெண்ணின் அப்பா,
வர்ஜீனியா
ஆகஸ்ட் 2023