கல்லறைத் தோட்டத்தில் ஒரு புதையல் வேட்டை: தரங்கம்பாடியிலிருந்து நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில், வருகின்ற தை மாதத்துச் சனிக்கிழமைகளில், சுற்று வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு வரலாற்றுப் புதையல் வேட்டை நடத்த முடிவு செய்து, அதற்கான பொருளுதவியை நாடி இக்கடிதத்தை எழுதுகிறோம். பொறையாற்றிலும் ஆக்கூரிலும் திருக்கடையூரிலும் படிக்கும் பிள்ளைகள் கடற்கரைக்கும் கோட்டைக்கும் பலமுறை வந்து போயிருப்பார்கள். ஆனால் வழியிலேயே இருக்கும் இந்தக் கல்லறைகளில் எழுதியிருப்பதை ஒரு வரியேனும் நின்று படித்தவர்கள் மிகச் சிலரே. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த முயற்சி.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனிஷ்காரர்கள் இங்கே கால் ஊன்றினார்கள். 1845இல் ஆங்கிலக் கம்பெனிக்கு ஊரை விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் இங்கே வாழ்ந்து மடிந்தவர்களின் கதையைக் கற்களும் சொல்கின்றன. 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கிய ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பதை நாம் அறிவோம். அவரும் உடன் உழைத்தோரும் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றுப் பக்கம் அவர்கள் தொடங்கிய ஆலையின் நினைவு, கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப் பெயரில் இன்றும் நிற்கிறது. 1718 அக்டோபரில் புதிய ஆலயம் பிரதிஷ்டை ஆகிச் சில மாதங்களில், 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறே வயதில் அவர் காலமானார். ஆலயத்துக்குள்ளேயே, பலிபீடத்துக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். மணலில் எழுத்துப் பழகிய அந்த மனிதரைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் மட்டும் சந்தித்துவிட்டுப் போவது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வேட்டை நடக்கும் விதம் இதுதான். நான்கு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரைபடமும், விடுகதைகளாக எழுதிய குறிப்புகளும் தரப்படும். எடுத்துக்காட்டாக, ‘மணிமுடி உண்டு, தலை இல்லை, ஆண்டது இந்த ஊரை, கண்டதில்லை இந்த ஊரை’ என்பது முதல் விடுகதை. ஆலய முகப்பை அண்ணாந்து பார்த்து, அங்கே கிரீடத்தோடு பொறித்திருக்கும் எழுத்துச் சின்னம் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்குடையது என்று கண்டுபிடிப்பவர்களுக்கே இரண்டாம் விடுகதை கிடைக்கும். பின்னர் கல்லறைகளுக்கிடையே தேடல் தொடரும். ஒரு கல்லில் பிறந்த ஆண்டையும் மறைந்த ஆண்டையும் கழித்து வயதைக் காண வேண்டும். இன்னொன்றில் எந்த மொழி என்று அறிய வேண்டும்.

தமிழ்க் கல்வெட்டுகளே பிள்ளைகளை அதிகம் திணறடிக்கும் என்று எதிர்பார்க்கிறோம். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னர் வெட்டிய கற்களில் லை, னை ஆகிய எழுத்துகள் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்போடு இருக்கும். றா, னா, ணா ஆகியவை தனிக்கால் இல்லாமல் எழுத்தோடு சேர்ந்து சுழித்திருக்கும். பாட்டியின் பழைய கடிதங்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இவை எளிதில் பிடிபடும். மற்றவர்களுக்கு வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வர ஒரு வாரம் அவகாசம் தருவோம். இந்த ஏற்பாட்டில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

கற்களுக்குச் சேதம் வராதபடி நடக்க வேண்டும் என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். உப்புக்காற்றில் மேற்பரப்பு அரித்துப்போன கல்லின்மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பதோ, கம்பி பிரஷ் போடுவதோ, ஆசிட் ஊற்றுவதோ எஞ்சிய எழுத்தையும் அழித்துவிடும். ஆகவே பிள்ளைகள் கையில் முகம் பார்க்கும் கண்ணாடி மட்டுமே இருக்கும். அதில் வெயிலைப் பிடித்துப் பக்கவாட்டில் கல்லின்மேல் சாய்த்தால், நேர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் நிழல் கட்டி எழும். மேலும், கல்லறைகளுக்கு வர்ணம் பூசவோ சிமென்ட் பூசிக் கொடுக்கவோ முன்வரும் அன்பர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டுகிறோம். சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய கட்டுமானத்தின்மேல் சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லை உதிர்த்துவிடும். பழுது பார்ப்பது அதற்கென்று தேர்ந்தவர்களின் வேலை. இந்த நிதியில் அதைத் தொடமாட்டோம்.

மொத்தச் செலவை ரூ.1,60,000 என்று மதிப்பிட்டிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டம் முழுவதும் செடி மண்டிவிடும், பாம்பு அடையும். கற்களைத் தொடாமல் கைவேலையாகவே அவற்றை அகற்றி நடைபாதை ஒதுக்க ரூ.35,000 ஆகும். ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, லத்தீன், டேனிஷ், ஜெர்மன் வாசகங்களை அறிந்தவர்களைக் கொண்டு படித்துத் தமிழில் எழுதிவைக்க ரூ.50,000 வேண்டும். மற்ற எதை நிறுத்தினாலும் இதை நிறுத்த மாட்டோம், ஏனெனில் வேட்டை முடிந்த பிறகும் ஊருக்கு நிலைப்பது இந்தப் பதிவுதான். வரைபடமும் குறிப்பேடும் அச்சிட ரூ.30,000, வண்டி வாடகைக்கும் பிள்ளைகளின் மதிய உணவுக்கும் ரூ.45,000.

காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டும் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. 1707இல் கட்டிய பழைய எருசலேம் ஆலயம் கடலுக்குப் பறிபோனது. 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையும் அலை கொண்டுபோயிற்று. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் புகுந்ததை நம்மில் பலர் கண்ணால் கண்டவர்கள். கடலோரத்தில் கல்லும் நிரந்தரமன்று என்பதை இந்த ஊருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்று படிக்க முடிகிற வரியை இன்றே படித்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தச் சமயத்தைச் சேர்ந்த பிள்ளையும் இதில் கலந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. வழிபாட்டு நேரத்திலும் அடக்க ஆராதனை நாளிலும் வேட்டை நடைபெறாது. யாருடைய குடும்பக் கல்லறையாவது இடம்பெறக் கூடாது என்று உறவினர் விரும்பினால், அது வரைபடத்திலிருந்து நீக்கப்படும்.

நூறு ரூபாயானாலும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வோம். நன்கொடையைக் குழுவின் பொருளாளரிடம் நேரில் செலுத்தி, கையொப்பமிட்ட ரசீதைத் தவறாமல் கேட்டுப் பெறுங்கள். மாசி மாத இறுதியில் வரவு செலவுக் கணக்கு எழுதி ஒட்டப்படும். பணமாகத் தர இயலாதவர்கள் வேறு வகையிலும் உதவலாம்: வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய புகைப்படம், ஞானஸ்நானச் சீட்டு, அடக்கப் பத்திரிகை போன்றவற்றைக் கொண்டுவந்தால், உங்கள் கண் முன்னேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். செடி அகற்றும் வேலை மார்கழி முதல் வாரத்தில் தொடங்க இருப்பதால், அதற்கு முன்பாகவே உதவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
புதையல் வேட்டை ஏற்பாட்டுக் குழுவினர்,
தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டம்.